வாயில்லாப் பை

பள்ளியிலிருந்து வந்த தாளில்
எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருந்தது.
காலணிப் பை, முப்பதுக்கு இருபது.
கோப்பைக்கு ஒரு சுருக்குப் பை, இருபதுக்குப் பதினாறு.
புத்தகப் பைக்கு நாற்பதுக்கு முப்பது, காது இரண்டு.
தரை துடைக்கத் துணி இரண்டு,
நாலாக மடித்து, குறுக்கே தையல் ஓட்டியது.
கடைசி வரியில், பொடி எழுத்தில்:
கூடுமானவரை வீட்டிலேயே தைத்துத் தரவும்.

மிசுஹோவும் நானும்
கல், காகிதம், கத்தரி போட்டுப் பார்த்தோம்.
அவள் காகிதம். நான் கல்.
கணக்குக் குச்சிகள் நூறு,
ஒவ்வொன்றிலும் மகள் பெயரை எழுதும் வேலையை
அவள் எடுத்துக்கொண்டாள்.
எனக்கு ஊசி.
கத்தரியை இருவருமே போடவில்லை.
அதை வீடு முழுக்கத் தேடியதும் நான்தான்.

"படகு இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவருக்கு
இரண்டு துணியை ஒட்டத் தெரியாதா?"
தெரியாது.
இரும்பு முரண்டு பிடிக்கும், பிறகு வழிக்கு வரும்.
துணி தலையாட்டிக்கொண்டே நழுவும்.

அதனால்
எனக்குத் தெரிந்ததை முதலில் செய்தேன்.
மூவாயிரம் யென்னுக்கு வாங்கிய பழைய தையல் மெஷினைப்
பிரித்துப் போட்டேன்.
யாரோ ஒருவருடைய கோட்டின் சாம்பல் பஞ்சை
பல்சக்கரங்களிலிருந்து குத்தி எடுத்தேன்,
எண்ணெய் விட்டேன்.
மூன்று இரவுகள்.
ஹச்சினோஹே துறைமுகத்தில் மார்ச் பனி கொட்டியது,
கணவாய்ப் படகுகள் கட்டிய இடத்திலேயே வெளுத்தன.
நான்காம் இரவு பூட்டி முடித்தபோது
ஒரு திருகாணி குறைந்தது.
மெஷின் ஓடியது. கொஞ்சம் நொண்டியபடி.

துணி கோஹானா பொறுக்கியது:
மஞ்சள் மேல் நீல ஆக்டோபஸ்கள்.
நல்ல பக்கங்கள் முகத்தோடு முகம் பார்க்க
மடித்து வைத்துத் தைக்க வேண்டுமாம்.
மடித்தேன். மிதித்தேன்.
ஒரு விளிம்பு நேராகப் போனதும்
கால் நிற்க மறுத்தது.
திரும்பினேன், ஓட்டினேன், திரும்பினேன்,
முடிச்சுப் போட்டு நூலைக் கடித்துத் தூக்கிப் பார்த்தால்
உள்ளே போக வழியில்லை.

மிசுஹோ பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"வாயில்லாப் பூச்சி கேள்விப்பட்டிருக்கிறேன்,
வாயில்லாப் பை இப்போதுதான் பார்க்கிறேன்."
எழுபத்தி மூன்றாம் குச்சியில்
பெயரின் கடைசி எழுத்து கோணிக்கொண்டது.

ஆக்டோபஸ்கள் அத்தனையும் உள்ளே.
வெளியே, துணியின் பின்பக்கத்தில்,
வெளிறிய நிழல்கள் மட்டும்.
கோஹானா அதைக் காதருகே வைத்து ஆட்டினாள்.
டிக்.
இன்னொரு முறை.
டிக்.
"தட்டுகிறது," என்றாள்.

தையல் பிரிக்கும் முள்ளை நான் எடுத்ததும்
பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு
குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.
"திறந்தால் கடலுக்கு ஓடிவிடும்."
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று
திருகாணி என்ற சொல்லை
இரண்டு முறை தொடங்கினேன்.
முடிக்கவில்லை.

மறுபடி வெட்டினேன்.
இரண்டாவது பைக்கு வாய் இருந்தது.
ஆனால் துணியை அடியில் மடித்ததால்
ஒரு பக்கத்து ஆக்டோபஸ்கள் நிமிர்ந்தும்
மறுபக்கத்தவை தலைகீழாகவும் நீந்தின.
விளிம்பில் ஒன்றுக்கு ஐந்து கால்தான்;
மூன்று தையலுக்குள் போய்விட்டன.
புத்தகப் பையின் காது ஒன்று நீளம்.
துடைக்கும் துணிகள் மட்டும்
யாரும் குறை சொல்ல முடியாதபடி வந்தன.
முதல் வாரமே கறுத்துப் போகப் போகிறவை.

ஏப்ரல்.
மெஷின் இப்போதும் நொண்டுகிறது,
வேகமாக மிதித்தால் மேசை நடுங்குகிறது.
கடைக்குப் போனால் அதே அளவில்
திருகாணி கிடைக்கும்தான்.
பழையது
ஒரு தலையணைக்கு அடியில், இரவில்,
எப்போதாவது தட்டுகிறது.

அளவு போட்ட தாளை நாலாக மடித்து
மெஷினின் ஆடும் காலுக்கு அடியில்
செருகி வைத்திருக்கிறேன்.
உயரம் சரியாக இருக்கிறது.